பால் ஆகாத பிள்ளை

"முதல் தடவை மூச்சு முட்டினப்போ என்ன சாப்பிட்டிருந்தாங்க? பக்கத்துல யார் இருந்தது?"

கேட்டவள் ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனாக இருக்கிற பெண். கேட்டது சின்னவளைப் பார்த்து. முந்திக்கொண்டு பதில் சொன்னது சின்னவளுடைய அக்கா.

"பால்தான். நான்தான் கூட இருந்தேன்."

"அப்போ எத்தனை வயசு?"

"அவளுக்கு மூணு. எனக்குப் பன்னெண்டு."

அந்தப் பெண் ஃபைலின் மேல் அட்டையில் சிவப்பு மையால் 'பால் ஒவ்வாமை' என்று எழுதி, கீழே ரெண்டு கோடு போட்டாள். சின்னவளின் மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள். பட்டை எட்டவில்லை. இன்னொரு பட்டையைச் சேர்த்து ஒட்டிக் கட்ட வேண்டியிருந்தது. "ரெண்டு பேர் பட்டையை நான் ஒருத்தியே கட்டிக்கிட்டேன்" என்று சின்னவள் சிரித்தாள்.

பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக யார் கேட்டாலும் பால் என்றே சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. ஆனால் இதுநாள்வரை கேட்டவர்கள் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார். இப்போது கேட்பவர்கள் தங்கையின் வயிற்றில் கத்தி வைக்கப் போகிறவர்கள். சின்னவளுக்குப் பால் ஆகாது என்பது பொய். அவளுக்கு ஆகாதது முந்திரி. இது உலகத்தில் பெரியவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஃபைலில் பொய் ஏறிவிட்டது, உண்மை ஏறவில்லை.

இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சலவைக்கடைக்கு மேலே ரெண்டாவது மாடி. ரெண்டு அறை, ஒரு சமையலறை, கீழே இஸ்திரி போடும் ஆவி ஜன்னல் வழியாக ஏறிவரும். பெரியவளுக்குச் சீருடை தைக்கிற கடையில் காலர் வைக்கிற வேலை. ஒரு நாளைக்கு அறுபது காலர் கைக்கு வரும். அவள் புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கை பட்டுத்தான் ஓடுகிறது, அவர் வீட்டுக்கு மட்டும் படிதான். பிள்ளை இல்லை. சின்னவளுக்குக் கல்யாணமே இல்லை.

சின்னவள் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். "பதினேழாம் எண் பேருந்து மூன்றாவது நடைமேடையில் புறப்படத் தயாராக உள்ளது" என்று ஒலிபெருக்கியில் வருகிறதே, அந்தக் குரல் அவளுடையது. தேன் மாதிரி குரல். குரலைக் கேட்டு மயங்கிப்போன புது டிரைவர் ஒருவன், ஆளைப் பார்த்துவிட வேண்டும் என்று தலையைச் சீவிக்கொண்டு அவள் உட்காருகிற கண்ணாடி அறை வரைக்கும் ஏறி வந்தான். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அவளிடமே, "மைக் அக்கா இல்லீங்களா?" என்று கேட்டான்.

"லீவு. நான் அவளோட அம்மா. என்ன விஷயம் தம்பி?" என்றாள் அவள்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லும்போதும் அவள் சிரித்தாள். அன்றைக்கு மட்டும் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

எடை நூற்று இருபத்தாறு கிலோ. சர்க்கரை வந்து ஆறு வருஷம். கண்ணாடி அறைக்குப் பதினெட்டுப் படி, ஒன்பதாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்ததே பெரியவள்தான். இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் செய்துகொண்டால் இவ்வளவும் குறையும் என்றார் டாக்டர். ஆனால் சும்மா வந்து படுத்துவிட முடியாது. முதலில் மூன்று வாரம் வேளைக்கு ஒரு டம்ளர் பவுடர் கரைத்துக் குடித்து ஆறு கிலோ இறக்க வேண்டும். அப்போதுதான் கல்லீரல் சுருங்கும், சுருங்கினால்தான் கருவி உள்ளே போக வழி கிடைக்கும். இறங்கவில்லை என்றால் இந்தத் தேதி போய்விடும். அடுத்த தேதிக்கு எட்டு மாசம்.

அந்தப் பவுடர் முழுக்கப் பாலில் செய்தது. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

பழைய கதை என்ன என்றால், அப்போது அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் மேல் மாடியில் ஒரு அத்தை இருந்தாள். சொந்த அத்தை இல்லை, கூப்பிடுகிற அத்தை. அவள் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனபோது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைப் பெரியவளிடம் கொடுத்தாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளை செடிக்கும் தண்ணீர் ஊற்றினாள், சமையலறை அலமாரியையும் திறந்து பார்த்தாள். கண்ணாடி ஜாடி நிறைய ரோஸ் கலர் சர்க்கரை பூசிய முந்திரி. நாளுக்கு நாலு எடுத்துக்கொண்டு, மட்டம் இறங்கினது தெரியாமல் ஜாடியைக் குலுக்கி வைப்பாள். ஏழாவது நாள் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அம்மா நூல் ஆலையில் காலை ஷிஃப்ட், அப்பா வெளியூர் வேலை, குழந்தையை யாரிடம் விடுவாள்? குழந்தை பார்த்துவிட்டது. கையை நீட்டியது. வெளியே போய்ச் சொல்லிவிடுமோ என்று பயந்து அதன் வாயிலும் போட்டாள்.

படி இறங்குவதற்குள் குழந்தையின் முகம் வேறு யாரோ குழந்தையின் முகம் மாதிரி வீங்கிவிட்டது. கீழ் வீட்டுக்காரர் சைக்கிளில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் ஊசி போட்டதால் பிழைத்தது. ஆலையிலிருந்து செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்த அம்மா, "என்னடி குடுத்தே? என்ன குடுத்தே?" என்று பெரியவளின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பூட்டின வீட்டில் திருடித் தின்றதை எப்படிச் சொல்லுவது? "காலையில நீ குடுத்துட்டுப் போன பால்தாம்மா" என்றாள்.

அம்மாவின் கை அப்படியே தளர்ந்துவிட்டது. "அது நேத்துப் பாலாச்சே" என்றாள். "அவசரத்துல சரியாக் காய்ச்சாமக் குடுத்துட்டேனே." டாக்டரும் சில குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, இனிமேல் கொடுக்காதீர்கள் என்றார். அதோடு முடிந்தது. ரெண்டு நாளில் சொல்லிவிடலாம் என்று பெரியவள் நினைத்தாள். ரெண்டு நாள் ரெண்டு மாசம் ஆயிற்று. அப்புறம் அது அந்தக் குடும்பத்துச் சங்கதி ஆகிவிட்டது.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? இந்தப் பால் ஆகாமை எந்த வழியில் வந்தது என்று ஆராய்ச்சி நடந்தது. அம்மாவின் தங்கை, அதாவது சித்தி, "இது நம்ம பக்கம் இல்ல, அவங்க அப்பா வழி. அத்தானோட சின்ன அத்தை தயிரைக் கண்டாலே ஓடுவாளே" என்றாள். அப்பாவின் அண்ணன் பெண்டாட்டிக்கு அது பொறுக்கவில்லை. "அவ தயிர் சாப்பிடாததுக்குக் காரணம் மாமியார் ஊத்த மாட்டா, அதான். உங்க பெரியம்மா மகன் ஒருத்தன் பால் குடிச்சுட்டு வாந்தி எடுப்பானே, அதைச் சொல்லேன்" என்றாள். இல்லாத நோய்க்கு இரண்டு பக்கமும் ஆள் தேடிக் கொடுத்தார்கள். சித்தியின் மூத்த மருமகள் தனக்குக்கூட லேசாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

சின்னவள் தன் இருபத்து மூணு வயசில், கூட வேலை செய்தவரின் வழியனுப்பு விழாவில் ஆசைப்பட்டு ஒரு துண்டு கேக் சாப்பிட்டாள். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, திரும்பவும் ஆஸ்பத்திரி. "கேக்ல பால் இருக்குமே, தெரியாதா?" என்று எல்லாரும் அவளைத் திட்டினார்கள். பெரியவள் மட்டும் மறுநாள் அந்த பேக்கரிக்குப் போய் என்னென்ன போட்டீர்கள் என்று விசாரித்தாள். மாவோடு முந்திரிப் பொடியும் கலந்திருக்கிறது. தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள், வாயைத் திறக்கவில்லை. பொய்க்குச் சாட்சி தானாக வந்து நின்றது. எதற்கு அதைக் கலைக்க வேண்டும்?

அதற்காகத் தங்கையை அவள் சாகவிட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. முந்திரியை வீட்டுப் படி ஏற விடவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். தனக்கு முந்திரி வாசனை பட்டாலே தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டாள். எங்கே விருந்துக்குப் போனாலும் தங்கையின் தட்டைத் தன் பக்கம் இழுத்து, கிளறிப் பார்த்து, பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பாள். "அக்காவுக்கு முந்திரின்னா பேய்" என்று சின்னவள் கேலி செய்வாள். பெரியவளின் புருஷன், "வீட்டுல ஒருத்தி பாலைக் கண்டா ஓடுறா, ஒருத்தி முந்திரியைக் கண்டா ஓடுறா. நடுவுல நான் வெறும் சோத்தைத் தின்னுட்டுக் கிடக்கிறேன்" என்பார்.

இன்னொன்றும் செய்தாள். அதுதான் வினை. பால் இல்லை, தயிர் இல்லை, ஐஸ்கிரீம் இல்லை, பால் விட்ட டீகூட இல்லாத பிள்ளை என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தக் குறையை வேறு எதையாவது போட்டு நிரப்பினாள். ரொட்டியில் சர்க்கரை தூவினாள். உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரித்தாள். கறுப்பு டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை. "இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கோ பாப்பா, இதாவது உனக்கு ஒண்ணும் செய்யாது." அந்த வார்த்தையை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்! அம்மாவும் போட்டாள், சித்தியும் போட்டாள். பாவம் பார்த்துப் பார்த்து எல்லாரும் ஒரு கை போட்டார்கள். பெரியவள் வருஷத்துக்கு ஒரு தடவை தங்கையின் உடுப்பைப் பிரித்து, பக்கத்தில் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். பிரிக்கும்போதெல்லாம் தன் கை செய்த வேலை இது என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு இடத்திலிருந்து சின்னவளைப் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் பையனின் அம்மா, "பாலே ஆகாத பொண்ணு, பிள்ளை பெத்தா அதுக்கு எதைக் குடுப்பா?" என்று கேட்டாள். சிரிக்க வேண்டிய கேள்வி, ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர்கள் திரும்ப வரவில்லை.

இதெல்லாம் போனது போகட்டும். இப்போது டயட்டீஷியன், பாலுக்குப் பதிலாகச் செடிகொடியிலிருந்து எடுத்த பவுடர் இருக்கிறது, அதை வாங்குங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். பெரியவள் டப்பாவைக் கையில் வாங்கியதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பட்டாணி, அரிசி, நாலாவதாக முந்திரி. டப்பா உடைந்திருக்கிறது என்று பொய் சொல்லி அன்றைக்கே மாற்றிக்கொண்டு வேறு ஒன்று வாங்கிவந்தாள்.

மாற்றி வாங்கிவந்தது வாயில் வைக்க வழியில்லை. "அக்கா, இது நீ காலருக்குப் போடுற கஞ்சியா?" என்றாள் சின்னவள். குடித்தாள், வாந்தி எடுத்தாள். மறுபடி குடித்தாள். அஞ்சு நாளில் முன்னூறு கிராம் இறங்கியது. ஆறாவது நாள் தலை சுற்றி மைக்குக்கு முன்னால் பேச்சு நின்றுபோய், பயணிகள் எல்லாரும் கண்ணாடி அறையை அண்ணாந்து பார்த்தார்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் முதல் தடவையாக அழுதாள்.

"என்னால முடியாது டாக்டர். தேதியைத் தள்ளிப் போட்டுடுங்க. எட்டு மாசம் இருந்தா இருக்கேன், இல்லாட்டி போறேன்."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "சின்ன வயசுல பால் ஆகாம இருக்கிற நிறையப் பேருக்குப் பெரியவங்க ஆனதும் சரியாயிடும். கடைசியா எப்ப சோதிச்சுப் பார்த்தீங்க?" என்று கேட்டார்.

சோதித்ததே இல்லை. பாலை வைத்துக்கொண்டு யார் விளையாடுவார்கள்?

"சரி, கையில ஊசி முனையால குத்திப் பார்த்துடலாம். பாலைத் தவிர வேற எதுலயாவது சந்தேகம் இருக்கா? இருந்தா சேர்த்துப் பார்த்துடலாம்." இதையும் அவர் சின்னவளைப் பார்த்துத்தான் கேட்டார். சின்னவள் அக்காவைப் பார்த்தாள்.

முந்திரி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் போதும். ஏன் என்று கேட்பார்கள், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் என்று பெரியவள் கணக்குப் போட்டாள். "வேற ஒண்ணும் இல்லைங்க" என்றாள். அந்த அறையில் சுவரில் வயிற்றின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குத்தின இடம் தடிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வரச்சொல்லி, நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, முதலில் ஒரு சொட்டுப் பால், அப்புறம் அரை ஸ்பூன், அப்புறம் ஒரு ஸ்பூன் என்று இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடுத்தாள். மத்தியானத்துக்குள் ஒரு முழு டம்ளர் உள்ளே போய்விட்டது. ஒரு தும்மல்கூட வரவில்லை. சின்னவள் டம்ளரின் அடியில் ஒட்டியிருந்ததையும் விரலால் வழித்து நக்கினாள்.

"இதுதான் பாலா? இதுக்கா எல்லாரும் இவ்வளவு அலட்டிக்கிறீங்க?" என்றாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்குக்கா."

"சின்ன வயசுல இருந்தது, போயிடுச்சு" என்றார் டாக்டர். நர்ஸ் ஃபைலில் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்று எழுதி, மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டாள்.

பெரியவளுக்கு ஒரு நிமிஷம் மேலே தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. பொய் பொய்யாகவே இல்லாமல் போய்விட்டது. இருந்தது, போய்விட்டது! டாக்டரே சொல்லிவிட்டார். இனி யாருக்கு எது தெரியப் போகிறது? இந்த நிம்மதி வீடு வரைக்கும் வந்தது. படி ஏறும்போது அந்த 'எதுவும் இல்லை' என்கிற எழுத்து ஞாபகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் தங்கும் நாளில் எதை வேண்டுமானாலும் கொடுப்பார்கள். அப்புறம் ஆயுசு முழுக்க இவளும் எதை வேண்டுமானாலும் வாங்கித் தின்பாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அது அவளுக்குப் பழகின நினைப்பு.

பால் பவுடரில் எடை மளமளவென்று இறங்கியது. பஸ் நிலையத்தில், மைக் அக்கா பால் குடித்துவிட்டாள் என்று கண்டக்டர்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். நாலாம் நாள் சாயங்காலம் சின்னவள் மூச்சிரைக்க மாடி ஏறிவந்தாள். கையில் நனைந்த காகிதப் பை.

"அக்கா, திட்டாத. ஒரே ஒரு ஸ்பூன்தான். டயட்டீஷியன் கேட்டா நீ பார்க்கலைன்னு சொல்லிடு. பசங்க வாங்கிக் குடுத்தாங்க. அங்கேயே சாப்பிடுன்னாங்க, முதல் ஐஸ்கிரீம் உன்கூடத்தான்னு எடுத்துட்டு ஓடி வந்தேன்."

ரெண்டு ஸ்பூன் எடுத்து ஒன்றை அக்காவின் கையில் திணித்தாள். பையிலிருந்த கப்பை எடுத்து மூடியைத் திறந்தாள். பாதி உருகிய ஐஸ்கிரீமின் மேல் பொன் நிறத்தில் பொடிப்பொடியாக வறுத்த முந்திரி. ஸ்பூனில் அள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

பெரியவள் அடித்தாள். கையைத் தட்டிவிட நினைத்தது, அடி கன்னத்திலும் சேர்த்து விழுந்தது. கப் சுவரில் பட்டுத் தரையில் கவிழ்ந்தது.

சின்னவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னக்கா? உனக்குத்தானே முந்திரி ஆகாது? வேணாம்னா ஒதுக்கிட்டுச் சாப்பிட வேண்டியதுதானே?"

"உனக்குத்தான்டி ஆகாது!"

"எனக்கா?"

"பால் இல்ல. எப்பவுமே பால் இல்ல. முந்திரிதான்."

சின்னவள் முதலில் சிரித்தாள். "காமெடி பண்ணாத." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவள் நின்றபடியே சாவி, செடி, ஜாடி, அம்மா உலுக்கினது, பேக்கரிக்குப் போனது எல்லாவற்றையும் கொட்டினாள். நடுவில் அவள் புருஷன் வேலை முடிந்து வந்து கதவோரத்தில் பையோடு நின்றுவிட்டார். அவருக்கும் இது புதுச் செய்தி.

சின்னவள் கேட்டது ஒன்றுதான். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போற வரைக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"அப்போ அம்மா டீல பால் விட்டுக்காம இருந்தது?"

அம்மா அந்தச் சம்பவம் நடந்த வாரமே பாலையே நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கு இல்லாதது எனக்கு எதுக்கு என்றாள். எழுபத்தொரு வயசில் எலும்பு முறிந்து படுத்தபோது, பால் குடித்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் டம்ளரோடு நின்றது பெரியவள்தான். அம்மாவின் காதோரம் குனிந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது.

"என்னைத் தின்ன விடாம வெச்சது, தின்ன வெச்சது, அதெல்லாம் விடு" என்றாள் சின்னவள். "நான் உயிரோட இருக்கேன், உன்னைத் திட்டவாவது முடியும். அம்மா என்ன பண்ணுவாங்க?"

பெரியவள் துணியை எடுத்துத் தரையைத் துடைக்கக் குனிந்தாள். "நீ விடுக்கா. நானே துடைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, "அத்தான், நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள் சின்னவள். அக்காவைக் கேட்கவில்லை.

மறுநாள் அத்தானோடு போனாள். முந்திரிக்குக் குத்தின இடம் கால் மணி நேரத்தில் கொசு கடித்த மாதிரி எழும்பி, சட்டைப் பித்தான் அளவுக்குத் தடித்துவிட்டது. டாக்டருக்கு வந்தது கோபம். "இது தெரியாம நாங்க ஏதாவது குடுத்திருந்தா? யாரும்மா இதைச் சொல்லாம விட்டது?" என்றார்.

"எனக்கு அப்போ மூணு வயசு டாக்டர். எனக்கு ஞாபகம் இல்லை" என்றாளாம் சின்னவள். புருஷன் வந்து சொன்னார். அதைக் கேட்டுப் பெரியவள் சமையலறைக்குள் போய் அழுதாள். காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

ஃபைலில் மறுபடி சிவப்பு மை ஏறியது. ஆறு கிலோவுக்கு ஏழு கிலோ இறங்கியது. சொன்ன தேதியில் ஆபரேஷன் நடந்தது. அந்தப் பத்து நாளும் வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சின்னவள் பவுடரைத் தானே கரைத்துக்கொண்டாள், டம்ளரைத் தானே கழுவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். வழக்கமான கேலி மட்டும் இல்லை. அந்த வீட்டில் அவ்வளவு அமைதி இருந்ததே இல்லை.

ஆபரேஷன் முடிந்த ரெண்டாவது நாள் மத்தியானம். கூட இருந்த அத்தானுக்கு எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது, அவர் போய்விட்டார். பெரியவள் வந்து உட்கார்ந்தாள். அரை மணிக்கு ஒரு தடவை, கட்டைவிரல் உயரத்துக் கிண்ணத்தில் தண்ணீர் கலந்த பால். அதையும் வாய் வாயாக உறிஞ்ச வேண்டும், மடக்கென்று விழுங்கக் கூடாது. உள்ளே இருப்பது இப்போது ஒரு வாழைப்பழம் அளவுப் பை. ஆசையாக ஒரு செம்புப் பால் குடிக்க இனி இந்த ஜன்மத்தில் முடியாது. பெரியவள் கிண்ணத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள். சின்னவள் தானே பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"அக்கா."

"சொல்லு பாப்பா."

"அன்னைக்கு அந்த முந்திரி எனக்குப் பிடிச்சுதா?"

இந்த ஒன்றை அவள் கேட்பாள் என்று பெரியவள் எதிர்பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம் என்று நினைத்த அன்றைக்கும் இதை மட்டும் அவள் கொட்டவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

"பிடிச்சுது" என்றாள். "இன்னொண்ணு கேட்டே."

"குடுத்தியா?"

"குடுத்தேன். உதடு அப்பவே சிவந்திருந்துச்சு. சர்க்கரையோட சாயம்னு நெனச்சேன்."

சின்னவள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சாயம்னுதான் நெனச்சியா?" என்றாள்.

அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை என்ன நினைத்தாள் என்று பெரியவள் உண்மையிலேயே தேடிப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம் அதன் மேல் ஏறிக் கிடந்தது.

"தெரியலடி" என்றாள். "அழாம இருந்தாப் போதும்னு நெனச்சேன். அவ்வளவுதான் ஞாபகம் இருக்கு."

நர்ஸ் வந்து கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள். சின்னவள் அதை எடுத்தாள். உதட்டில் வைத்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு, அது மெல்ல உள்ளே இறங்குகிற வரைக்கும் காத்திருந்தாள்.